எட்டு வயது மகளின் முதல் ராக் கச்சேரி: எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தலையணைத்தாளம்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது ஆகிறது. கடந்த ஓராண்டாக ஒரே ஒரு ராக் இசைக்குழுவின் பாடல்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு மரக்கரண்டிகளை எடுத்துக்கொண்டு தலையணையின் முன் சம்மணமிட்டு அமர்வாள். பாட்டில் டிரம்ஸ் நுழையும் இடம் வரும்வரை கரண்டிகளை அந்தரத்தில் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள். அந்த இடம் வந்ததும் அடிக்கத் தொடங்கினால் பாட்டு முடியும்வரை நிறுத்த மாட்டாள். அந்தக் குழு அடுத்த மாதம் ஓர் உள்ளரங்கில் வாசிக்கவிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, "என்னை அழைத்துப் போவீர்களா, அப்பா?" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கும் அழைத்துச் செல்லத்தான் ஆசை. ஆனால் நான் முதன்முதலாகப் பதினேழு வயதில் இத்தகைய கச்சேரிக்குச் சென்றபோது, இரவு முழுவதும் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த மூன்று நாட்களுக்கு இரண்டு காதுகளிலும் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் ஓயவில்லை. அதை அப்போது பெருமையாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் எதிரே இருப்பவர் சொல்வது எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. அந்த ஓர் இரவுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்கு அதே இரவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டு வயது இதற்கு ஏற்ற வயதுதானா, அவள் காதுகளை எப்படிப் பாதுகாப்பது, அரங்கில் எந்த இடத்தில் அமர்வது, பாதியில் பயந்து அழுதால் என்ன செய்வது என்பவற்றை, பிள்ளைகளை அழைத்துச் சென்று பழகியவர்களும் மேடைப் பணி அறிந்தவர்களும் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

ஒலிமேசை:

இருபது ஆண்டுகளாகக் கச்சேரி அரங்குகளில், ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சர் கருவியின் முன் அமர்ந்து வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் காதுமூடி இல்லாமல் ஒரு பாட்டுக்குக்கூட அவளை உள்ளே அமர வைக்காதீர்கள். இதில் மட்டும் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஒலி 3 டெசிபல் கூடினால் காதுக்குள் செல்லும் ஒலியாற்றல் இரு மடங்காகிறது. அமெரிக்காவில் தொழிலாளர் நலனை ஆராயும் நியோஷ் நிறுவனம், வேலையிடத்தில் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அதாவது 88 டெசிபலுக்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி என்று இறங்கி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடத்தில் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். ராக் கச்சேரியில் 100 டெசிபல் என்பது அபூர்வமான அளவு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையில், இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று கூறியிருக்கிறது. அது உச்ச வரம்பே தவிர, இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அது தீங்கற்ற அளவு என்று பொருள் அல்ல. ஹெட்போன் போன்ற சாதனங்களுக்கு அதே நிறுவனம் வகுத்த வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் தனித்தனியாக அளவு வைத்திருக்கிறார்கள்.

உட்காதில் ஒலியை உணரும், நுண்முடிகள் கொண்ட முடிச்செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ பதினாறாயிரம்தான் இருக்கின்றன. கெட்டுப்போனால் அவை மீண்டும் வளர்வதில்லை. நீங்கள் குறிப்பிட்ட மூன்று நாள் இரைச்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரைச்சல் அடங்கிவிட்டால் காது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். 2009ஆம் ஆண்டு குஜாவா, லிபர்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளைப் பெரிய ஒலிக்கு உட்படுத்தியபோது, அவற்றின் கேட்கும் திறன் சோதனையில் பழையபடி மீண்டது. ஆனால் முடிச்செல்களையும் செவிநரம்பையும் இணைக்கும் இடங்களில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதுதான். இருந்தாலும், "இரைச்சல் தானாகப் போய்விடும்" என்று இளையவர்களிடம் சொல்வதை அன்றிலிருந்து நான் விட்டுவிட்டேன்.

எட்டு வயதுக் குழந்தைக்கு, காதுக்குள் செருகும் இயர்பிளக்கைவிடக் காதை முழுவதும் மூடும் காதுமூடியே நல்லது. நுரையால் ஆன இயர்பிளக்கை விரல்களால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் அழுத்தியிருக்க வேண்டும். குழந்தையின் காதுத் துளை குறுகலானது என்பதால் பாதி வெளியே நின்றுவிடும், பாதி நின்றால் பயனும் பாதிக்கும் குறைவு. பஞ்சு வைப்பது வைக்காததற்குச் சமம். விமானப் பயணத்துக்கென்று விற்கப்படும் இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

காதுமூடியின் அட்டைப்பெட்டியில் ஒலியை 25 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தால், அது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அளவு. அரங்கில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். பெரும்பாலும் காரணம் முடிதான். இரட்டைப் பின்னல் போட்டு, பின்னலின் மேலேயே காதுமூடியை மாட்டிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒலி தடையின்றி நுழைந்துவிடுகிறது. மாட்டியபின் மெத்தையின் விளிம்பை உங்கள் விரல் நுனியால் ஒரு முறை சுற்றித் தடவிப் பாருங்கள். முடியோ தோடோ கண்ணாடியின் காம்போ தட்டுப்பட்டால் சரிசெய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பின்னால் சென்றுவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது சிறிய ஸ்பீக்கருக்குப் பொருந்தும். பெரிய அரங்குகளில் வரிசையாகத் தொங்கவிடப்படும் ஸ்பீக்கர்கள், கடைசி வரிசைக்கும் ஏறக்குறைய அதே அளவு ஒலி போய்ச்சேர வேண்டும் என்றே அமைக்கப்படுகின்றன. சுவர்களும் தம் பங்குக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும். மேடையின் முன் தரையில் வைக்கப்படும், தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அருகே மட்டும் கட்டாயம் வேண்டாம். எங்கள் மிக்சர் மேசையை ஒட்டிய இருக்கைகள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் முழு ஒலியையும் அமைக்கிறோம்.

மூன்றாம்வரிசை:

நண்பரே, நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது எனக்குப் பிடித்த குழுவின் கச்சேரிக்கு அவனை அழைத்துச் சென்றேன். அவனுக்குப் பிடித்த குழு அல்ல, எனக்குப் பிடித்தது. காதுமூடியைக் கச்சேரி வாசலில்தான் முதன்முதலாக மாட்டிவிட்டேன். முதன்மைக் குழுவுக்கு முன்பு வேறொரு குழு வாசிக்கும் என்பதை அவனிடம் சொல்லவே இல்லை. விளக்குகள் திடீரென்று அணைந்து, கூட்டம் முழுவதும் ஒரே குரலில் கத்தியதும், அவன் காதுமூடியின் மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடுத்த ஒன்றரை மணி நேரமும் அந்தக் கைகள் இறங்கவில்லை. "இதோ, நல்ல பாட்டு இனிமேல்தான் வரும்" என்று சொல்லிச் சொல்லி நான் அவனை அங்கேயே உட்கார வைத்திருந்தேன். கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள், ஒலிபெருக்கி இருக்கும் எந்த இடத்துக்கும் அவன் வர மறுத்தான்.

பிறகு ஒரு பிற்பகலில், திறந்த வெளியில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குச் சென்றோம். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பாட்டுப் போடும்போதெல்லாம் காதுமூடியை மாட்டிப் பழகினான். முதல் நாள் பத்து நிமிடம்தான் தாங்கினான், ஐந்தாம் நாள் மாட்டியிருப்பதையே மறந்துவிட்டான். அங்கே போனதும் நேரே இருக்கைக்குச் செல்லாமல், கழிப்பறை எங்கே, வெளியேறும் வழி எங்கே, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தத் தூணின் அருகே வந்து நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவனோடு நடந்து காட்டினேன். உதவி கேட்க வேண்டுமென்றால் எந்த நிறச் சட்டை அணிந்தவரிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். என் கைபேசி எண்ணை அவன் முன்கையில் பேனாவால் எழுதினேன். "நீ எப்போது போகலாம் என்கிறாயோ அப்போது போகலாம், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். நாற்பதாவது நிமிடத்தில் "போகலாம்" என்றான்; எனக்குப் பிடித்த பாட்டு தொடங்கிக்கொண்டிருந்தது; எழுந்துவிட்டோம். வழியிலேயே, அடுத்தது எப்போது என்று கேட்டான்.

எனவே உங்கள் மகளிடம் அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். எழுந்து வர வசதியாக, வரிசையின் ஓரத்து இருக்கைகளைப் பிடியுங்கள். கச்சேரி நாளில் மதியம் அவள் சற்றுத் தூங்கட்டும், ஏனென்றால் இத்தகைய கச்சேரிகளில் முதன்மைக் குழு மேடையேறுவது வழக்கமாக அவள் தூங்கப்போகும் நேரமாகத்தான் இருக்கும்.

இருளும்ஒளியும்:

விளக்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். என் தம்பிக்கு ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உண்டு. வலிப்பு உள்ளவர்களில் சிறுபான்மையினருக்கே இவ்வகை இருக்கிறது என்றாலும், அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும்தான் வெளிப்படுகிறது. நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி இவர்களுக்கு ஆபத்தானது. கச்சேரிகளில் பயன்படுத்தும் ஸ்ட்ரோப் விளக்கு அந்த எல்லைக்குள் மின்னக்கூடியது. உங்கள் மகளுக்கோ நெருங்கிய உறவினருக்கோ வலிப்பு வந்ததுண்டு என்றால், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்; ஸ்ட்ரோப் விளக்கு உண்டா என்பதை அமைப்பாளர்களிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விளக்கு மின்னத் தொடங்கிவிட்டால் இரண்டு கண்களையும் மூடிக்கொள்வது போதாது, இமை வழியாகவும் ஒளி புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு, ஒளி வரும் திசையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதை என் தம்பிக்கு விளையாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்துப் பழக்கினோம். மேடைப் புகையைக் கண்டும் சில குழந்தைகள் தீப்பற்றிவிட்டதோ என்று மிரள்வார்கள். ஒளிக்கற்றைகள் கண்ணுக்குத் தெரிவதற்காகவே அந்தப் புகையை விடுகிறார்கள் என்று முன்பே சொல்லிவிட்டால் போதும்.

ஓய்ந்தகுச்சி:

நான் முன்பு டிரம்ஸ் வாசித்தவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கரண்டிகளை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருக்கும் குழந்தையைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்த இடத்தில் அடிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கத்தான் எனக்கு நீண்ட காலம் ஆகிறது. வயது சரியா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே என் பதில். சில அரங்குகளில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை, சில அரங்குகளில் நின்று பார்க்கும் பகுதிக்கு மட்டும் வயது வரம்பு உண்டு; டிக்கெட் வாங்கும் முன் அதை மட்டும் பார்த்துவிடுங்கள். அனுமதி இருந்தாலும் நிற்கும் பகுதி வேண்டாம். பெரியவர்களின் முதுகுகளைத் தவிர அவளுக்கு அங்கே எதுவும் தெரியாது. கூட்டம் நெருக்கினால் அவளுடைய உயரத்தில் மூச்சு விடவும் இடமிருக்காது. தோளில் தூக்கி வைத்துக்கொள்வதும் தீர்வல்ல, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும்.

ஒலிமேசை ஐயா தம் மேசைக்கு அருகே அமரச் சொன்னார். ஒலிக்கு அதுவே சிறந்த இடம். ஆனால் இந்தக் குழந்தைக்கு நான் வேறோர் இடத்தைச் சொல்வேன்: பக்கவாட்டில், சற்று உயரமான மாட இருக்கை. அங்கிருந்துதான் டிரம்மரின் கால்கள் தெரியும். பாட்டை மட்டும் கேட்டு வாசிக்கும் பிள்ளைகள், எல்லா ஒலியும் கைகளிலிருந்தே வருகிறது என்று எண்ணியிருப்பார்கள். வலக்கால் பெரிய டிரம்மை மிதிப்பதையும் இடக்கால் ஹை-ஹாட் தட்டுகளைத் திறந்து மூடுவதையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் அதன்பின் அவர்கள் கேட்கும் விதமே மாறிவிடும். அந்தப் பெரிய டிரம்மின் அடி காதுமூடியையும் மீறி நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். தாழ்ந்த ஒலிகளைக் காதுமூடி அவ்வளவாகத் தடுப்பதில்லை, உடம்பும் அவற்றை உணரும். அதை முன்பே சொல்லி வையுங்கள். தெரிந்தால் மகிழ்வார்கள், தெரியாவிட்டால் அச்சப்படுவார்கள்.

இன்னொன்று: மேடையில் பாட்டு, பதிவில் உள்ளபடி இருக்காது. வேகம் கூடும், நடுப்பகுதி நீளும், பாடகர் பாதி வரியைக் கூட்டத்திடம் விட்டுவிடுவார். தனக்கு மனப்பாடமான பாட்டு மாறியதற்காகவே அழுத குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவின் மேடைப் பதிவுகள் சிலவற்றை இந்த மாதத்தில் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

காது குறித்து ஒலிமேசை ஐயா எழுதியவை முழுவதும் உண்மை. 1976இல் தி ஹூ என்ற ராக் குழு இலண்டனில் வாசித்தபோது, ஸ்பீக்கர்களிலிருந்து 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் பதிவாகி, உலகிலேயே உரத்த கச்சேரி என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. பின்னர் கின்னஸ் நிறுவனமே, காதைக் கெடுக்கும் போட்டியை ஊக்குவிக்க வேண்டாமென்று அந்தப் பிரிவைக் கைவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், தம் காதிரைச்சலையும் செவித்திறன் இழப்பையும் பற்றிப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசிவருகிறார். எனக்கும் இடக்காதில், ஹை-ஹாட் இருந்த பக்கம், உயர்ந்த ஒலிகள் கேட்பதில்லை. வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குச்சியைக் கொடுப்பதற்கு முன் காதுமூடியைத்தான் கொடுக்கிறேன்.

தலையணைத்தாளம்:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு சென்று வந்தோம். நடந்ததை எழுத வேண்டியது என் கடமை.

பக்கவாட்டு மாடத்தில், ஓரத்து இருக்கைகளே கிடைத்தன. பின்னலைக் கழுத்துக்குக் கீழே தள்ளிக் கட்டி, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தே காதுமூடியை மாட்டினேன். நானும் இயர்பிளக் அணிந்தேன். முதலில் வாசித்த குழுவின்போது வெளியே நடைக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தோம், அவள் களைத்துவிடக் கூடாது என்று. விளக்குகள் அணைந்து கூட்டம் கத்தியபோது என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள், நான் மூன்றாம்வரிசை சகோதரி எழுதியதை நினைத்துக்கொண்டு, "போகலாமா?" என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். முதல் அடி விழுந்ததும் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை.

ஒரு மணி பத்து நிமிடம் இருந்தோம். அவளுக்கு மிகவும் பிடித்த பாட்டு முடிந்ததும் அவளே எழுந்துவிட்டாள், தூக்கம் கண்ணைச் சொக்கியது. வெளியே வந்து கதவு மூடியதும், காதுமூடியைக் கழற்றிவிட்டு, சுவர் வழியாக வந்த டிரம்ஸ் ஒலிக்குப் படிக்கட்டின் கைப்பிடியில் விரல்களால் தட்டிக்கொண்டே இறங்கினாள். இன்று காலை எழுந்ததும் காதில் ஏதேனும் இரைச்சல் கேட்கிறதா என்று கேட்டேன், இருவருக்கும் இல்லை.

ஓய்ந்தகுச்சி ஐயாவிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி கொடுத்திருக்கிறாள். பல பாட்டுகள் தொடங்குவதற்கு முன் டிரம்மர் குச்சிகள் இரண்டையும் உயர்த்தி ஒன்றோடொன்று நான்கு முறை தட்டினாராம். பதிவுகளில் அது இல்லையே, ஏன் தட்டினார் என்று கேட்கிறாள்.

ஓய்ந்தகுச்சி:

பாட்டின் வேகம் என்ன என்பதை மற்றவர்களுக்குச் சொல்வதற்காகத் தட்டினார். அந்த நான்கு தட்டுகளின் இடைவெளியை வைத்தே, கிட்டார் வாசிப்பவரும் பேஸ் வாசிப்பவரும் பாடகரும் ஒரே நொடியில் தொடங்குகிறார்கள். பதிவு செய்யும்போதும் தட்டுவார்கள். பிறகு அந்தப் பகுதியை வெட்டிவிடுவதுதான் வழக்கம் என்பதால் அவள் கேட்டிருக்க மாட்டாள். நாளை தலையணைக்கு முன் உட்காரும்போது பாட்டைப் போடாமல், கரண்டிகளை அவளே நான்கு முறை தட்டிவிட்டுத் தொடங்கட்டும். எந்த வேகத்தில் தட்டினாளோ அதே வேகத்தில் கடைசிவரை அடிக்க முடிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.